யான் இன்ஷூரன்ஸ் தேடிய வரலாறு

மோட்டார் சைக்கிள் ஒன்று எனக்கு வாய்க்குமென யான் கனவிலும் கருதியதில்லை. எங்கள் ஊர் தேரிக்காட்டின் ஓரத்தே கிடப்பது. அங்கிருந்து நாசரேத் ரயில் நிலையம் 9 கிலோமீட்டர் தூரம். காலையில் ரயிலேறிப் பாளையங்கோட்டைக்கு வந்து, மாலையில் மீண்டு நாசரேத்தில் இறங்கும்போது, எங்கள் ஊர்ப் பேருந்து பெரும்பாலும் போய்விட்டிருக்கும். பின்னர் கால்நடையே கதி. அல்லது இரக்கமுள்ளார் யாரேனும் தம் வண்டியின் பின்னிருக்கையில் இடந்தருதல் வேண்டும். இதனைக் கண்டு மனமிரங்கிய என் தாய்மாமன், 2025ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில், தூத்துக்குடியிலிருந்த தமது 125 சிசி வண்டியைச் சிறு தொகைக்கு எனக்கே கொடுத்துவிட்டார்.

அவ்வண்டி 2019இல் வாங்கப்பெற்றது. அப்பொழுது எடுத்த ஐந்தாண்டுப் பாலிசி 2024இல் முடிந்துபோயிற்று. மாமா அதற்குமுன்னரே கார் ஒன்று வாங்கிவிட்டமையால், வண்டி தார்ப்பாயின்கீழ்த் துயின்றுகொண்டிருந்தது. புதிய இரு சக்கர வண்டிக்கு ஐந்தாண்டுக்கும் ஒருங்கே பாலிசி எடுக்கவேண்டுமென்னும் விதி 2018 செப்டம்பர் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. கோயம்புத்தூர் எலும்பு மருத்துவர் எஸ். ராஜசேகரன் 2012இல் உச்ச நீதிமன்றத்தில் தொடுத்த பொதுநல வழக்கிலே பிறந்த விதி அது. முதலாண்டு கழிந்ததும் வண்டிக்காரர் பலர் பாலிசியைப் புதுப்பியாது விட்டுவிடுவதே அதற்குக் காரணம்.

எங்கள் தந்தையார் சபை ஊழியர். அவர் இரண்டு ஐந்நூறு ரூபாய் நோட்டுக்களை என் கையிற் கொடுத்து, "இதற்குள் முடித்துக்கொள், ஐயா. சட்டம் கேட்பது எதுவோ அது மட்டும் போதும். மற்றதைக் கர்த்தர் பார்த்துக்கொள்வார்" என்றார்.

யான் முதலிற் செய்த காரியம் கைப்பேசியில் தேடியது. தேடித் திடுக்கிட்டேன். இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் பதினெட்டு, பத்தொன்பது வயதுடையார் மோட்டார் சைக்கிளுக்குச் செலுத்தும் பிரீமியம், முதியோர் செலுத்துவதைப் பார்க்கிலும் பன்மடங்கு மிகுதி. வண்டியின் விலையையே பிரீமியம் எட்டிவிடுவதும் உண்டாம். அந்நாடுகளில் ஓட்டுவோனுடைய வயது, குடியிருக்கும் தெரு, அனுபவம் ஆகியவற்றையெல்லாம் நிறுத்துப் பார்த்துக் கம்பெனிகள் விலை வைக்கின்றன. ஐரோப்பிய ஒன்றியத்தில் ஆண் பெண் என்னும் வேற்றுமையை வைத்துப் பிரீமியம் கணக்கிடுதல் கூடாதென நீதிமன்றம் 2011இல் தீர்ப்பளித்தது; வயதைக் கேட்பதையோ அது தடுக்கவில்லை. என் 19 வயது எனக்குப் பெருங் குற்றமாகத் தோன்றிற்று.

இவ்வச்சத்தோடு விலை குறைந்த கம்பெனியைத் தேடி ஒரு சனிக்கிழமை முழுவதும் பாளையங்கோட்டையிலும் திருநெல்வேலிச் சந்திப்பிலும் மூன்று ஆபீசுகளுக்கு ஏறி இறங்கினேன். மூன்றிடத்தும் விடை ஒன்றே: 714 ரூபாய், வரி 18 விழுக்காடு சேர்த்து 843. மூன்றாம் ஆபீசில் இருந்த குமாஸ்தா நகைத்துக்கொண்டே விளக்கினார். பிறருக்கு நேரும் சேதத்திற்கான பிரீமியத்தை நம் நாட்டிற் கம்பெனிகள் விதிப்பதில்லை, சர்க்கார் விதிக்கிறது. 2022ஆம் ஆண்டு அறிவிப்பின்படி 75 சிசி வரையுள்ள வண்டிக்கு 538 ரூபாய். அதற்குமேல் 150 வரை 714. 350 வரை 1,366. அதனினும் பெரிதாயின் 2,804. இவ்விலை எஞ்சினின் அளவைக் கேட்கிறதேயன்றி வயதைக் கேட்பதில்லை. தலை நரைத்த தலைமையாசிரியருக்கும் மீசை முளையாத மாணவனுக்கும் ஒரே தொகை. ஒரு நாள் வீணாயிற்றேயென வருந்தினேன். ஆயினும் தந்தையார் கொடுத்த ஆயிரத்திற்குள் காரியம் முடிந்துவிடுமென்பதில் மகிழ்ச்சியே.

நிற்க. சட்டம் கேட்பதுதான் யாது? வண்டிக்காரன் ஒருவன், கம்பெனி மற்றொருவன், இவ்விருவருமல்லாத வழிப்போக்கன் மூன்றாமவன். அம்மூன்றாமவனுக்கு வண்டியால் நேரும் தீங்குக்கு ஈடு செய்வதே கட்டாய இன்ஷூரன்ஸ். 1939ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தில் எழுதப்பெற்ற இக்கட்டாயம் 1946 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்தது. இப்பொழுதுள்ள 1988ஆம் ஆண்டுச் சட்டத்திலும் தொடர்கிறது. பாலிசியின்றி ஓட்டினால் முதன்முறை 2,000 ரூபாய் அபராதம், அல்லது மூன்று மாதம் வரை சிறை, அல்லது இரண்டும்.

தமிழ் பயிலும் எனக்கு இவ்விடத்து மனுநீதிச் சோழன் வரலாறு நினைவுக்கு வந்தது. இளவரசன் தேரோட்டிச் சென்றான். கன்று காலிற் பட்டு மாண்டது. அக்கன்றே மூன்றாமவன்! ஈடுசெய்யக் கம்பெனி இல்லாத காலமாதலின், அரசன் தன் மகனையே ஈடாக வைத்தான். இந்நாளைய சட்டமும் ஒருவாறு அச்சோழனைப் பின்பற்றுகின்றது போலும்! 18 நிரம்பாத சிறுவன் குற்றம் செய்தால், 2019ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி, அவன் தந்தைக்கோ வண்டியின் உரிமையாளருக்கோ 25,000 ரூபாய் அபராதமும் மூன்றாண்டு வரை சிறையும் உண்டு. மேனிலைப் பள்ளிச் சிறுவர் சிலர் எங்கள் ஊர்ச் சாலையிற் பறப்பதைக் காணுந்தோறும் அவர்தம் தந்தையரை நினைத்து இரங்குகிறேன்.

மீண்டும் என் கதைக்கு வருவேன். நாசரேத் நிலையத்தருகே ஒரு ஜெராக்ஸ் கடையில் மேசையிட்டு அமர்ந்திருக்கும் ஏஜெண்டு அண்ணாச்சி ஒருவரிடம், 843 ரூபாய்க்குப் பாலிசி எழுதித் தரும்படி கேட்டேன். அவர் எழுதத் தொடங்கியவர், பேனாவை நிறுத்தி, "தம்பி, வண்டியின் பின்னால் யார் உட்காருவார்கள்?" என்றார்.

"அம்மாதான், அண்ணாச்சி. சர்க்கரை நோய்க்காக மாதந்தோறும் பாளையங்கோட்டை ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும். நாசரேத் வரை வண்டியில் கொண்டுவருவேன். ஞாயிற்றுக்கிழமை கோவிலுக்கும் வருவார்கள்."

"அப்படியானால் இந்தப் பாலிசியில் அம்மாவுக்கு ஒன்றும் இல்லை" என்றார் அவர்.

எனக்கு அது விளங்கவில்லை. தெருவில் நடந்துபோகும் அந்நியனுக்கு ஈடு உண்டு. என்னைப் பற்றிக்கொண்டு பின்னே அமர்ந்திருக்கும் தாய்க்கு இல்லையா? இல்லையென்பதே உண்மை. சட்டத்திற்காக மட்டும் எடுக்கப்படும் பாலிசி, இரு சக்கர வண்டியின் பின்னிருக்கையில் ஏறியவரைக் காப்பதற்குக் கம்பெனியைக் கட்டுப்படுத்தாதென உச்ச நீதிமன்றம் 2006இலும் 2008இலும் தீர்ப்பளித்திருக்கிறது. வண்டியின் சொந்தச் சேதத்தையும் சேர்த்து எடுக்கும் முழுப் பாலிசியாயின் பின்னிருப்பவரும் அதனுள் அடங்குவர். இதனை இன்ஷூரன்ஸ் ஒழுங்குமுறை ஆணையம் 2009இல் கம்பெனிகளுக்குத் தெளிவாக்கிற்று. குற்றுயிராய்க் கிடந்தவனைத் தன் மிருகத்தின்மேல் ஏற்றிச் சென்ற சமாரியனை நினைத்துக்கொண்டேன். அவ்விலங்கு வழியில் இடறியிருந்தால், சத்திரக்காரனுக்குக் கொடுத்த இரண்டு காசோடு அவன் செலவு முடிந்திராது.

அண்ணாச்சி சொன்னதைக் கேட்டபின்னரே, எங்கள் சபையில் 2022ஆம் ஆண்டு கிறிஸ்துமஸ் காலத்தில் நடந்த ஒன்றன் பொருள் எனக்கு முற்றும் விளங்கிற்று. அண்ணன் மகனும் தம்பி மகனுமாகிய இரு இளைஞர், கீதபவனி முடிந்து நள்ளிரவில் ஒரே வண்டியில் திரும்பினர். ஓட்டியவன் அண்ணன் மகன். தேரி மணல் சாலையிற் படர்ந்திருந்த வளைவில் வண்டி சரிந்தது. ஓட்டியவனுக்குச் சிராய்ப்பு, பின்னிருந்தவனுக்கு முழங்காலுக்குக் கீழ் ஒரு கால் போயிற்று. வண்டிக்குப் பாலிசி இருந்தது; ஆயின் அது இந்த 843 ரூபாய் வகையைச் சேர்ந்தது. ஈடு வேண்டுமாயின் விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தில் வண்டியின் உரிமையாளராகிய தன் பெரியப்பாமீது அவன் வழக்கிடவேண்டும்; தொகையும் அவர் கைப்பொருளிலிருந்தே வரவேண்டும். வழக்கிடவில்லை. பெரியப்பா பனங்காட்டில் ஒரு பகுதியை விற்றுத் தம்மாலியன்றதைக் கொடுத்தார். கொடுத்தது போதவில்லையென்று ஒரு வீட்டாரும், இதற்குமேல் என் செய்வதென்று மற்றொரு வீட்டாரும் மனம் கசந்தனர். ஒரே பாயில் அமர்ந்திருந்தவர்கள் இன்று ஆலயத்தில் ஆளுக்கொரு மூலையில் அமர்கின்றனர்.

எங்கள் வீட்டில் அது நேர்ந்தால்? அம்மா என்மீது வழக்கிடுவதா?

முழுப் பாலிசிக்குக் கணக்குப் பார்த்தோம். கட்டாயப் பகுதி 714. வண்டி பழையதாதலால் சொந்தச் சேதப் பகுதி ஏறக்குறைய 300. உரிமையாளரே ஓட்டி விபத்துக்குள்ளாவதற்கு 15 லட்ச ரூபாய்க்குரிய பகுதி ஏறக்குறைய 330. வரியோடு 1,586 ரூபாய் ஆயிற்று. சொந்தச் சேதப் பகுதியின் விலையை மட்டும் கம்பெனிக்குக் கம்பெனி ஒப்பிட்டுப் பார்க்கலாமாம். யான் மூன்று ஆபீசு ஏறி இறங்கியது அதற்காக இருந்திருந்தால் சிறிது பயன்பட்டிருக்கும். மாமா பல்லாண்டு விபத்தின்றி ஓட்டியவராயினும் அவர்க்குரிய தள்ளுபடி எனக்கு வாராது. அது வண்டியைச் சேர்ந்ததன்று, ஆளைச் சேர்ந்தது. வண்டியைத் தந்தையார் பெயருக்கு மாற்றும் எண்ணத்தையும் அண்ணாச்சி தடுத்தார். அந்த 15 லட்சம் லைசென்சுடைய உரிமையாளருக்கே உரியது. தந்தையாரோ சைக்கிளைத் தவிர வேறொன்றும் ஓட்டியறியாதவர். ஆகவே பதிவு என் பெயரிலேயே நடந்தது.

586 ரூபாய் குறைந்தது. அன்றிரவு தந்தையாரிடம் விஷயத்தைச் சொன்னேன். சட்டப் பிரிவுகளையும் தீர்ப்புக்களையும் அடுக்கிக்கொண்டே போனேன். அவர் செவிசாய்த்ததாகத் தெரியவில்லை. கால் போன பையனின் பாலிசியும் இந்த வகைதான் என்றபொழுது மட்டும் நிமிர்ந்து பார்த்தார். அவ்வீட்டுக்கு ஜெபிக்கச் சென்றவர் அவர்தாம். இரு வீட்டாரையும் ஒப்புரவாக்க முயன்று தோற்றவரும் அவர்தாம். நெடுநேரம் பேசாதிருந்தார். பின்னர், "மீதிக்கு என்ன செய்வாய்?" என்றார்.

என்னிடம் 600 ரூபாய் இருந்தது. வீரமாமுனிவர் இயற்றிய சதுரகராதியின் பழைய பதிப்பொன்றைத் திருநெல்வேலியில் ஒரு பழைய புத்தகக் கடையிற் கண்டு, அதற்கெனச் சேர்த்துவைத்த பணம் அது. அதைக் கொடுத்தேன். அப்புத்தகம் இன்னும் அங்கேயே இருக்கின்றது. சனிக்கிழமைதோறும் சென்று பார்த்துக்கொள்கிறேன்.

கம்பெனியார் கைப்பேசி வழியாகவே வண்டியை நாற்புறமும் படம்பிடித்து அனுப்பச்சொல்லிச் சோதித்து, இரண்டாம் நாள் பாலிசியைக் கைப்பேசிக்கே அனுப்பினர். கண்ணாடிக்குள் தெரியும் எழுத்தை அம்மா நம்பவில்லை. தாளில் அச்சிட்டுக் கொடுத்தேன். மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு, எஞ்சின் எண், சேஸிஸ் எண் என்று விரல்வைத்துப் படித்துக்கொண்டே போனவர், "இதில் என் பெயர் எங்கே இருக்கிறது, ஐயா?" என்று கேட்டார்.

பின்னிருப்பவர் பெயரை அதில் எழுதுவதில்லை என்றேன். தலைப்பில் முழுப் பாலிசி என்பதைக் குறிக்கும் சொல்லைச் சுட்டிக்காட்டி, அந்தச் சொல்லுக்குள்தான் அவர் இருக்கிறார் என்றேன். அம்மா பென்சிலை எடுத்து அச்சொல்லின்கீழ் ஒரு கோடிட்டார். முடியும் தேதியைச் சுவரிலிருந்த சபைக் காலண்டரின் ஓரத்திற் குறித்தார். தாளை மடித்து, எங்கள் ஞானஸ்நானச் சீட்டுக்கள் இருக்கும் வேதபுத்தகத்தினுள் வைத்தார். பின்னர், ஆராதனைக்கு நேரமாகிவிட்டதென்று வந்து வண்டியில் ஏறி, என் தோளைப் பற்றிக்கொண்டார்.