வீமனை அவிழ்த்த இரவு

"நாயைச் சங்கிலியில் கட்டி வைப்பவர்கள் கல்நெஞ்சர்கள்" என்று என் இளைய மகள் சென்ற மாசி மாதத்தில் ஒரு தீர்ப்பு வழங்கினாள். அவளுக்கு வயது ஒன்பது. எதிரே குற்றவாளியாக நின்றவள் நான். என் கையில் சங்கிலி இருந்தது. சங்கிலியின் மறுமுனையில் எங்கள் சொக்கன் வாலைக் குழைத்துக்கொண்டு, அவள் பக்கமே நியாயம் இருப்பதாகக் கூறுபவனைப் போல நின்றான்.

அவ்வேளையில் நான் விடை கூறவில்லை. அன்றிரவு அவளை அருகிற் படுக்கவைத்துக்கொண்டு கூறினேன். கூறியதில் என் பிழையொன்றும் அடங்கியிருந்தது. நாயையும் கூட்டிக்கொண்டு வயலிலும் காட்டோரத்திலும் தங்கச் செல்லும் குடும்பங்களுக்குப் பயன்படக்கூடும் என்ற எண்ணத்தால் அதனை இங்கு எழுதுகிறேன்.

மட்டக்களப்பு வாவி ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீண்டு கிடப்பது. அதற்குக் கிழக்கே, கடலை ஒட்டிய நிலத்தை எழுவான்கரை என்றும், மேற்கேயுள்ள நிலத்தைப் படுவான்கரை என்றும் எங்கள் முன்னோர் வழங்கினர். ஞாயிறு எழுகின்ற கரை ஒன்று. படுகின்ற கரை மற்றொன்று. நான் எழுவான்கரையிற் பிறந்து படுவான்கரைக்கு வாழ்க்கைப்பட்டவள். வலையிறவுப் பாலத்தைக் கடந்தால் வவுணதீவு. அங்கிருந்து மேற்கே ஆயித்தியமலை, உன்னிச்சை என்று செல்லச் செல்ல வயலும் காடும் ஒன்றையொன்று தழுவிக் கிடக்கும். எங்கள் வயல் உன்னிச்சைக் குளத்துப் பாய்ச்சலில், காட்டின் ஓரத்தில் உள்ளது.

எங்கள் பகுதியில் 'வேளாண்மை' என்றாற் பயிர்த்தொழிலை மட்டும் குறிப்பதன்று. வயலில் நிற்கும் நெற்பயிருக்கும் அதுவே பெயர். மாரி மழையில் வளர்ந்த வேளாண்மை மாசி, பங்குனியில் வெட்டுக்கு வரும். முற்காலத்திற் குடும்பங்கள் வாரக்கணக்கில் வயல் வாடியிலே தங்கிவிடுமாம். இப்பொழுது வெட்டு இயந்திரம் ஒரு பகலில் வேலையை முடித்துவிடுகிறது. ஆயினும் இயந்திரத்தின் முறை வரும்வரை காத்திருக்கவேண்டும், நெல்லைக் காயவிடவேண்டும், கொள்வோர் வரும்வரை மூடைகளுக்குக் காவல் இருக்கவேண்டும். ஆகவே ஐந்தாறு இரவுகளாவது வாடிவாசம் தவறாது. உழவு இயந்திரத்தின் பின்னே பூட்டிய இழுவைப்பெட்டியிற் பானை சட்டி, பாய், தண்ணீர்ப் பீப்பாய், படங்கு, பிள்ளைகள் எல்லாம் ஏறும். நாய்களும் ஏறும். வாடிக்குப் பக்கத்தில் அப்பெட்டியை நிறுத்தி, மேலே படங்கைக் கட்டிவிட்டால் அதுவும் ஒரு வீடுதான்.

நாய் இன்றி வாடி இல்லை. பன்றி வந்தாலும் பாம்பு வந்தாலும் முதலிற் சொல்வது நாய். அவ்வாறிருக்க, அதனைக் கட்டுவானேன்? இந்தக் கேள்வியைத்தான் 2012ஆம் ஆண்டு மாசி மாதத்தில், புதுமணப்பெண்ணின் மிடுக்குச் சற்றும் குறையாத நானும் என் மனத்துட் கேட்டுக்கொண்டேன்.

அதற்கு முந்திய ஆண்டு, 2011இன் தொடக்கத்தில் வந்த பெருவெள்ளம் எங்கள் மாவட்டத்தின் வேளாண்மையை அள்ளிச் சென்றிருந்தது. எங்களுக்கு ஒரு பிடி நெல்லும் மிஞ்சவில்லை. ஆதலால் 2012இன் நெல் எங்களுக்கு வெறும் நெல்லன்று. இரண்டு ஆண்டுக் கடனுக்கும் அதுவே விடை. மூத்த மகளுக்கு அப்பொழுது பத்து மாதம். என் கணவரின் தந்தையார், நான் மாமா என்றழைப்பவர், ஒவ்வொரு நாளும் பொழுது சாயுமுன் வீமன் என்ற நாயை வாடியருகே கம்புகளால் அடைத்த சிறு கூட்டினுள் விட்டுக் கட்டிவிடுவார். மூன்றாம் நாளிரவு வீமன் ஓயாது முனகினான். குழந்தை உறங்கவில்லை. எல்லோரும் அயர்ந்த பின்னர் நான் எழுந்து சென்று அவனை அவிழ்த்துவிட்டேன். இரக்கத்தினாற் செய்தேன் என்று இன்றும் என்னால் உண்மையாகக் கூறமுடியும். அந்த இரக்கத்திற் பாதி, எனக்கு உறக்கம் வேண்டும் என்பதுதான் என்பதையும் மறைக்கக்கூடாது.

சாமம் கடந்த வேளையில் வீமன் காட்டுப் பக்கமாகக் குரைத்துக்கொண்டு ஓடினான். குரைப்பு வரவரத் தேய்ந்து நின்றது. பிறகு மீண்டும் கேட்டது. ஆனால் இம்முறை அது குரைப்பன்று, ஊளையுமன்று. எங்களை நோக்கி நெருங்கி வந்தது. அதன் பின்னே மரக்கிளைகள் முறியும் ஓசையும் வந்தது.

"எழும்புங்கள், பரணுக்கு ஓடுங்கள்!" என்று மாமா கத்தினார். வாய்க்காலோரத்து மருதமரத்திற் காவற்பரண் இருந்தது. நான் முதலில் ஏறினேன். கணவர் மாமியை ஏற்றினார். மாமா கடைசியாக ஏணியில் நின்று குழந்தையை என் கையில் நீட்டினார். குழந்தை என் கைக்கு வந்த கணத்தில் ஏணி சரிந்தது. அவர் வலது கையை ஊன்றி விழுந்தார். கணவர் கீழே பாய்ந்து, அவரை இழுத்து, மரத்தின் பின்னாலிருந்த வாய்க்காலுக்குள் தள்ளித் தாமும் விழுந்து படுத்துக்கொண்டார்.

வந்தது தனியன் யானை. வீமன் பெட்டியின் அச்சுக்கடியில் நுழைந்து ஒடுங்கிவிட்டான். யானை பெட்டியை இருமுறை முட்டியது. வாடியின் கூரையைப் பிடுங்கியது. தண்ணீர்ப் பீப்பாய்களை உருட்டியது. பிறகு நெல்மூடைகளைக் கிழித்து ஆறுதலாக உண்ணத் தொடங்கியது. அயல் வயல்களிலிருந்தோர் தீப்பந்தங்களுடன் வந்து யானைவெடி கொளுத்திய பின்னரே அது காட்டுக்குத் திரும்பியது. நான் குழந்தையின் வாயை என் தோளில் அழுத்திக்கொண்டு பரணில் இருந்த நேரம் எவ்வளவு என்று எனக்குத் தெரியாது.

விடிந்ததும் அதே பெட்டியில் மாமாவை வைத்தியசாலைக்குக் கொண்டு சென்றோம். மணிக்கட்டு முறிந்திருந்தது. வழியில், "நான்தான் அவிழ்த்தேன், மாமா" என்று அழுதேன். அவர் சிறிது நேரம் வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். பின், "நாயில பிழையில்லை, மகள். பயந்த பிள்ளை வீட்டுக்குத்தானே ஓடிவரும்" என்றார். என் பிழையைப் பற்றி ஒரு சொல்லும் கூறவில்லை. அதன் பின்னர் அவர் மண்வெட்டியை வலக்கையால் இறுகப் பிடித்ததை நான் கண்டதில்லை.

நாயை நாம் கட்டுவதன் காரணம் முழுவதும் அந்த ஒரு வாக்கியத்தில் இருக்கிறது. நாய் யானையைக் கண்டு துரத்துகிறது. யானை திரும்பினால் அஞ்சுகிறது. அஞ்சினால் தான் நம்பும் மனிதரிடம் ஓடி வருகிறது. நம்பிக்கையற்ற நாயாக இருந்தால் வேறெங்காவது ஓடியிருக்கும். அதன் அன்பே ஆபத்தை நம் வாசலுக்கு அழைத்து வருகிறது. இலங்கையில் 2019ஆம் ஆண்டில் மட்டும் 400க்கும் மேற்பட்ட யானைகளும் 100க்கும் மேற்பட்ட மனிதர்களும் இந்த யானை மனிதப் போராட்டத்தில் மாண்டனர் என்பதை நினைத்தால், அந்தக் கணக்கில் எங்களையும் சேர்க்காமல் விட்டது மருதமரத்தின் கருணை என்றே சொல்லவேண்டும்.

கனடாவில் வாழும் என் தம்பியிடம் ஒருமுறை இதனைத் தொலைபேசியிற் கூறினேன். கோடை விடுமுறையில் அவன் குடும்பத்தார் மோட்டார் வண்டியின் பின்னே வீடு போன்ற ஓர் இழுவைவண்டியைப் பூட்டிக்கொண்டு காட்டுப் பூங்காக்களிற் சென்று தங்குவார்கள். அவனுக்கும் ஒரு நாய் உண்டு. "அக்கா, இங்கே யானைக்குப் பதிலாகக் கரடி. மற்றதெல்லாம் ஒன்றுதான்" என்றான். அவிழ்ந்த நாய் கரடியைச் சீண்டிவிட்டு எசமானனிடமே அதனைக் கூட்டிவரும் என்று அங்கும் எச்சரிக்கிறார்களாம். ஒன்ராறியோ மாகாணப் பூங்காக்களில் நாயைப் பிடிக்கும் வார் இரண்டு மீற்றருக்கு மேற்படக்கூடாது என்பது விதி. உலகத்தின் மறுகோடியிலும் மாமாவின் நியாயமே சட்டமாக இருப்பதைக் கேட்டு எனக்கு ஒருவகை ஆறுதல் உண்டாயிற்று.

ஆனால் கட்டுவதிலும் முறை உண்டு. முறையறியாது கட்டிய கட்டே நாயின் உயிருக்கு உலையாவதும் உண்டு. நாங்கள் பழகியறிந்தவற்றைக் கூறுகிறேன்.

கட்டு, வீட்டிலேயே தொடங்கவேண்டும். வாடியில் முதன்முறையாகக் கட்டப்படும் நாய் இரவு முழுவதும் முனகும். வீமனும் அப்படித்தான் முனகினான். இப்பொழுது நாங்கள் வெட்டுக்கு ஒரு மாதம் முன்பே மரச்சட்டக் கூட்டை வீட்டு முற்றத்தில் வைத்து, சொக்கனுக்கு அதற்குள்ளேயே உணவு கொடுத்து வருகிறோம். சில நாட்களில் அவன் தானாகவே உட்சென்று படுக்கிறான். வயலுக்கு அதே கூட்டைத்தான் கொண்டுசெல்கிறோம். கழுத்துப்பட்டிக்கும் கழுத்துக்கும் இடையில் இரண்டு விரல் நுழையவேண்டும். அதற்கு மேல் தளர்ந்தால் தலையை உருவிக்கொள்ளும், இறுகினாற் புண்ணாகும். விசர்நாய்க்கடித் தடுப்பூசியை ஆண்டுதோறும் தவறாமற் போடுவிக்கவேண்டும். காட்டோரத்தில் நரி முதலியவை கடித்துவிட்டால் நாயோடு முடிவதில்லை. மனிதருக்குக் கடிபட்டால், புண்ணைச் சவர்க்காரமிட்டு ஓடும் நீரிற் பதினைந்து நிமிடம் கழுவி, தாமதியாது வைத்தியசாலைக்குச் செல்லவேண்டும்.

பிரயாணத்தின்போது பெட்டியில் நாயை நீண்ட கயிற்றாற் கட்டுவது மிகவும் தவறு. பக்கப்பலகைக்கு மேலாகப் பாய்ந்தால் அது கழுத்தில் தூங்கிவிடும். பலகையைத் தாண்ட இயலாத அளவுக்குக் கட்டைக் குறுக்கவேண்டும். அல்லது கூட்டோடு ஏற்றவேண்டும். பெட்டியின் இரும்புத்தளம் வெயிலிற் சட்டிபோலக் காயும். நாய்க்கு நம்மைப் போல உடலெங்கும் வியர்ப்பதில்லை. நாக்கை நீட்டி இளைத்தே வெப்பத்தைத் தணிக்கிறது. ஆகவே வைக்கோலோ நனைத்த சாக்கோ பரப்பாமல் அதனை ஏற்றக்கூடாது.

வயலை அடைந்ததும் நிழல் வாய்ப்பாக இருக்கிறதென்று பெட்டியின் சில்லில் நாயைக் கட்டுவோர் உண்டு. சாரதி மறந்து இயந்திரத்தை எடுத்தால் என்னவாகும் என்பதை நான் எழுதவேண்டியதில்லை. தனியே ஒரு முளை அடித்து, நாள் முழுவதும் நிழல் விழும் இடத்திற் கட்டவேண்டும். காலை நிழல் மாலையில் இராது, இடம் மாற்றவேண்டும். சங்கிலியிற் சுழலும் கொளுவி இருந்தால் முறுக்கு விழாது. இரண்டு நாய்களானால் ஒன்றின் சங்கிலி மற்றொன்றை எட்டக்கூடாது. தண்ணீர்ச் சட்டியை மண்ணிற் பாதி புதைத்து வைத்தாற் கவிழாது.

அவிழ்த்து நடத்தும்போதும் வார் கையிலிருந்து நழுவக்கூடாது. வாவியிலும் குளங்களிலும் முதலை உண்டு. அந்தியிலும் விடியலிலும் நாயை நீரோரம் கொண்டுசெல்வதை நாங்கள் அறவே விட்டுவிட்டோம். காட்டோரத்திற் பன்றிக்கு வைத்த சுருக்குக்கம்பி, கட்டுத்துவக்கு, உணவுக்குள் மறைத்த வெடி என்பன நாய், பன்றி என்று வேறுபாடு பார்ப்பதில்லை. களைகொல்லிப் போத்தல்களையும் நாய் எட்டாத உயரத்தில் வைக்கவேண்டும்.

இரவிலோ, கூடு வாடியின் சுவரோடு ஒட்டி இருக்கவேண்டும். நாய் எங்களைக் காணவேண்டும். நாங்கள் நாயைக் கேட்கவேண்டும். அது குரைக்கலாம், குரைப்பதற்குத்தானே கூட்டி வந்தோம். ஓடக்கூடாது, அவ்வளவுதான். குரைத்தவுடன் அதட்டி அடக்காமல், எழுந்து விளக்கைப் பிடித்துப் பார்ப்பது நம் கடமை. கட்டப்பட்ட நாயால் தப்பியோட இயலாது. அதன் கால்களை நாம் வாங்கிக்கொண்டோமானால், அதன் காவலையும் நாமே ஏற்றுக்கொள்ளவேண்டும். ஆதலால் யானை வந்துவிட்டால் நாயையும் எங்களுடன் பரணில் ஏற்றுவதென்று வைத்திருக்கிறோம். அதற்கென ஒரு சாக்குத்தொட்டிலும் கயிறும் எப்பொழுதும் ஆயத்தமாக இருக்கும். நாயைத் தனியே கட்டிவிட்டு நாம் மட்டும் ஏறுவதாயின், என் மகள் தந்த பட்டம் எனக்குத் தகும்.

மாமா காலமாகி ஆறு ஆண்டுகளாகின்றன. வீமன் அவருக்கு முந்திவிட்டான். கடைசி நாட்களில் முற்றத்திற் சாய்மனைக் கதிரையில் மாமாவும், அதன் கீழே வீமனும் படுத்திருப்பார்கள். மாமாவின் வளைந்த வலக்கை தொங்கி வீமனின் தலைமேற் கிடக்கும். அந்தக் காட்சியைக் காணும்பொழுதெல்லாம் நான் அடுப்படிக்குள் சென்றுவிடுவேன்.

இவ்வளவையும் கேட்டுக்கொண்டிருந்த மகள் வெகுநேரம் பேசவில்லை. உறங்கிவிட்டாளென்று நினைத்தேன். திடீரென எழுந்து, விளக்கை எடுத்துக்கொண்டு வெளியே போனாள். நான் பதறிப் பின்தொடர்ந்தேன். சொக்கனின் கூட்டுக் கதவின் கொளுவியை இருமுறை இழுத்துப் பார்த்தாள். பின்னர்த் தன் போர்வையின் நுனியைக் கம்புகளுக்கிடையே நுழைத்து, அவன் மூக்கருகே விட்டாள்.

"அம்மா, நான் இந்தப் பக்கமாகப் படுக்கிறேன். அவனுக்கு என்னைத் தெரிய வேண்டும்" என்றாள்.

பாயை அவ்விடத்துக்கு இழுத்துப் போட்டேன். அன்றிரவு சொக்கன் முனகவில்லை.