நிற்கத் தெரிய வேண்டும்!

பனியைப் பற்றி எங்கள் கோவில்பதாகைக்காரர்களுக்கு யாரும் பாடம் சொல்ல வேண்டியதில்லை என்று ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தேன். மார்கழி பிறந்ததோ இல்லையோ, என் தாயார் காது மறைய மப்ளரைச் சுற்றிக்கொண்டுவிடுவாள். ஏரியின் மேல் வெள்ளையாக மூட்டம் இறங்கும். "பனியில நிக்காதேடா, சளி பிடிக்கும்!" என்று வாசலுக்கு வாசல் குரல் கேட்கும். உஷ்ணமானியைப் பார்த்தாலோ, இருபது டிகிரியைச் சுற்றித்தான் இருக்கும்!

அப்படிப்பட்ட ஊரில் பிறந்த என்னை, உத்தியோகம் ஸ்விட்ஸர்லாந்திலுள்ள ஜூரிச் நகரத்தில் கொண்டுபோய்ச் சேர்த்தது. இரண்டு வருஷ ஒப்பந்தம். மனைவிக்கோ ஆவடிப் பக்கம் பள்ளிக்கூடத்தில் ஆசிரியை வேலை. வயதான தாயாரையும் தனியாக விட முடியாது. ஆகவே நான் அங்கே, அவள் இங்கே. நடுவில் டெலிபோன்.

2023 டிசம்பரில், அரையாண்டு விடுமுறைக்கு அவள் புறப்பட்டு வருவதென்று ஏற்பாடாயிற்று. மொத்தம் ஒன்பது நாள். தாயாருக்குத் துணையாக என் தங்கை வந்து தங்கினாள். வைகுண்ட ஏகாதசியன்று விடியற்காலையில் சுந்தரராஜப் பெருமாளைச் சேவித்துவிட்டு, அன்று இரவே என் மனைவி விமானம் ஏறிவிட்டாள். பெட்டியில் எனக்காகப் பருப்புப் பொடி. அவளுக்காக மூன்று ஸ்வெட்டர்.

"என்னங்க, எங்கே கூட்டிப் போகப் போறீங்க?"

"பனிச்சறுக்கு மலைக்கு!" என்றேன், ஏதோ தினமும் சறுக்குகிறவன் மாதிரி. வாஸ்தவத்தில் அந்தப் பலகையை நான் கடைக் கண்ணாடிக்குப் பின்னால்தான் பார்த்திருந்தேன்.

வாசகர்களிடம் மறைப்பானேன்? என் கோட்டுப் பையில் ஒரு கடிதம் இருந்தது. இன்னும் மூன்று வருஷம் அங்கேயே வேலை பார்க்கச் சம்மதமா என்று கம்பெனியில் கேட்டிருந்தார்கள். மனத்துக்குள் நான் எப்போதோ கையெழுத்துப் போட்டாகிவிட்டது. அவளிடம் சொல்லத்தான் தைரியம் இல்லை. மலை உச்சிக்கு அழைத்துப் போய், அவள் மனம் குளிர்ந்திருக்கும் சமயம் பார்த்துச் சொல்லிவிடுவது என்று திட்டம்.

லூஸர்ன் நகரத்திலிருந்து எங்கெல்பெர்க் என்ற மலையூருக்கு ரயிலில் முக்கால் மணிப் பிரயாணம். செங்குத்தான ஏற்றத்தில், நம் நீலகிரி ரயிலைப் போலவே, பல்சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு ஏறுகிறது. வழியில் நான் படித்ததையெல்லாம் அளந்துகொண்டு வந்தேன்.

"ஷெர்லாக் ஹோம்ஸ் கதை எழுதினாரே, கானன் டாயில், அவர்கூட இந்தத் தேசத்தில் சறுக்கியிருக்கிறார். 1894-ஆம் வருஷம் டாவோஸிலிருந்து அரோஸாவுக்கு மலையையே தாண்டினார். பத்திரிகையிலும் அதைப் பற்றி எழுதினார்."

"அவர் எதுக்கு அங்கே போனார்?"

"மனைவிக்குக் க்ஷயரோகம். மலைக்காற்று நல்லது என்று சிகிச்சைக்கு அழைத்து வந்திருந்தார்."

"ஓஹோ! சம்சாரம் நோயில கிடக்க, ஐயா சறுக்கப் போயிட்டாராக்கும்!"

எனக்குச் சுருக்கென்றது. பேச்சை மாற்றி, 1120-ஆம் ஆண்டிலிருந்து அந்த ஊரில் இருக்கும் கிறிஸ்தவ மடத்தைப் பற்றி ஆரம்பித்துவிட்டேன்.

எங்கெல்பெர்கிலிருந்து டிட்லிஸ் மலைக்குக் கம்பிவடத்தில் தொங்கும் பெட்டியில் ஏற வேண்டும். கடைசிக் கட்டத்தில், ஏறும்போதே முழு வட்டம் சுற்றிக் காட்டும் பெட்டி ஒன்று இருக்கிறது. உலகத்திலேயே முதன் முதலாக 1992-ல் அங்கேதான் அதை வைத்தார்களாம். இறங்கும் இடம் 3,020 மீட்டர் உயரம். நம் தொட்டபெட்டாவே 2,637 தான். அங்கே நம்மை வரவேற்பது யார் தெரியுமோ? 1995-ல் வந்த ஹிந்திப் படத்தின் ஷாருக் கானும் காஜோலும்! நிஜமாக அல்ல, அட்டையில். பக்கத்தில் நின்று படம் பிடித்துக்கொள்ள நம் தேசத்து ஜோடிகள் காத்துக்கொண்டிருந்தார்கள். நாங்களும் பிடித்துக்கொண்டோம்.

இதுதான் சமயம் என்று கோட்டுப் பையில் கையை விட்டேன். அவளோ நெஞ்சைப் பிடித்துக்கொண்டு பெஞ்சியில் உட்கார்ந்துவிட்டாள். அந்த உயரத்தில் ஒவ்வொரு மூச்சுக்கும் கிடைக்கிற பிராணவாயு, நம் ஊரைக் காட்டிலும் சுமார் முப்பது சதவிகிதம் குறைவு. மூச்சு வாங்குகிறவளிடம் மூன்று வருஷத்தைப் பற்றி எப்படிச் சொல்வது? கையை வெளியே எடுத்துக்கொண்டேன்.

மறுநாள், கீழேயுள்ள சரிவில், புதிதாகப் பழகுகிறவர்களுக்கான வகுப்பு. எங்களோடு கற்றுக்கொண்டவர்கள் பெரும்பாலும் ஆறு வயதுக் குழந்தைகள்! சொல்லிக்கொடுத்தவள் ஓர் இளம்பெண். வேகமாகப் போவது எப்படி என்று அவள் சொல்லவே இல்லை. முதலில் பக்கவாட்டில் விழச் சொல்லிக்கொடுத்தாள். பிறகு பலகைகளைச் சரிவுக்குக் குறுக்கே வைத்து எழுந்திருக்கச் சொன்னாள். அதன் பிறகு நிற்பது. முன் முனைகளை நெருக்கமாக வைத்துக்கொண்டு, பின்பக்கத்தை அகல விரிக்க வேண்டும். உள் விளிம்புகள் பனியை அழுத்த, வேகம் குறையும். இன்னும் விரித்தால் நின்றுவிடும். ஜெர்மன் மொழியில் இதற்கு 'ஏர்' என்று பெயர்.

"எங்க தாத்தா ஏரிக்குக் கீழே ஏர் ஓட்டினவர்தான்," என்று என் மனைவி சிரித்தாள். "ஆனா நிறுத்துறதுக்கு ஏர் பிடிச்சதை இங்கேதான் பார்க்கிறேன்!"

அவள் நாலைந்து தரம் விழுந்தாள், எழுந்தாள். பத்து அடி போவாள், நிற்பாள். எனக்குப் பொறுமை இல்லை. ஏரும் வேண்டாம் கலப்பையும் வேண்டாம் என்று நேராக விட்டேன். அடடா, என்ன வேகம்! இரண்டு விநாடி கானன் டாயில் ஆகிவிட்டேன். மூன்றாவது விநாடி, ஓரத்தில் கட்டியிருந்த வலையில் மீன் மாதிரி கிடந்தேன்.

ஏர் பிடித்தபடி மெள்ள மெள்ள வந்து, பக்கத்தில் சரியாக நின்றாள் என் மனைவி.

"உனக்கு எப்படி இது இவ்வளவு சீக்கிரம் வந்தது?" என்றேன்.

"விழுந்து எழுந்து பழக்கம்," என்றாள். அந்தக் குரலில் சிரிப்பு இல்லை.

அப்போதுதான் விஷயம் வெளிவந்தது. மூன்று வாரம் முன்பு, மிக்ஜாம் புயல் மழையில், எங்கள் வீட்டுக்குள் முழங்கால் அளவு தண்ணீர் வந்துவிட்டதாம். மின்சாரம் இல்லை. இருட்டில் என் தாயாரை மாடிக்கு ஏற்றும்போது படியில் வழுக்கி, இரண்டு பேரும் விழுந்தார்களாம்.

"அத்தைக்கு ஒண்ணும் ஆகலை. எனக்குத்தான் முழங்கையில சிராய்ப்பு."

"ஃபோனில் 'எல்லாரும் சௌக்கியம்' என்றாயே!"

"வேற என்ன சொல்றது? அங்கேயிருந்து நீங்க என்ன செய்ய முடியும்? உங்க தூக்கம் கெட்டதுதான் மிச்சமாகும்."

வலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தேன். கடிதத்தை எடுத்து அவளிடம் கொடுத்தேன். கையுறையைக் கழற்றிவிட்டு, நிதானமாகப் படித்தாள்.

"நான் வேண்டாம்னு சொல்லலை. வீட்டுக் கடன் இருக்கிறது எனக்கும் தெரியும். ஆனா இந்த மூணு வருஷம் முடிஞ்சதும் இன்னொரு மூணு வருஷம் கேட்டா, அதுக்கும் சரின்னுதான் சொல்லுவீங்க. எங்கே நிற்கப் போறோம்னு முடிவு பண்ணிட்டுப் புறப்படுங்க. காலையில அந்தப் பொண்ணு அதைத்தானே முதல்ல சொல்லிக்கொடுத்தா?"

அவ்வளவுதான். அழவில்லை, கோபிக்கவுமில்லை. கடிதத்தை மடித்து என் பையிலேயே வைத்துவிட்டு, கை கொடுத்துத் தூக்கிவிட்டாள்.

அவள் ஊர் திரும்பிய பிறகு, ஆறு மாதம் மட்டும் இருந்து வேலையை ஒப்படைத்துவிட்டுப் போகிறேன் என்று கம்பெனிக்குப் பதில் எழுதினேன். 2024-ன் நடுவில் கோவில்பதாகைக்கு வந்து சேர்ந்தேன். இப்போது சம்பளம் பாதிகூட இல்லை. கடன் அடைய இன்னும் வெகு காலம் பிடிக்கும். ஆவடி ஸ்டேஷனில் நெரிசலில் ஏறும்போது சில நாள் அந்த வெள்ளைச் சரிவு ஞாபகம் வரும். வருத்தமே இல்லை என்று சொன்னால் அது பொய். ஆனால் சென்ற மழையில் வாசலில் தண்ணீர் ஏறியபோது, தாயாரைக் கைபிடித்து மாடிக்கு ஏற்றியவன் நான்.

மார்கழிக் காலையில் ஏரிக்கரைக்குப் புறப்பட்டால், தாயார் இன்றும் விடுவதில்லை.

"பனியில நிக்காதேடா!"

"அதெல்லாம் நல்லா நிற்பார் அத்தை! அதுக்காகத்தானே அவ்வளவு செலவழிச்சுக் கத்துக்கிட்டு வந்தார்," என்று அடுப்பங்கரையிலிருந்து பதில் வரும்.