மண் குடித்த தண்ணீர்

விருத்தாசலம் ஜங்ஷனில் கடலூர் வண்டிக்கு ஒரு மணி நேரம் இருந்தால் பீங்கான் பட்டறை ஒன்றை எட்டிப் பார்த்துவிட வேண்டும். பீஸ் கட்டையும் பொம்மையும் சுட்டே பேர் வாங்கிய ஊர். கூழாகக் கரைத்த களியைப் பிளாஸ்டர் அச்சுக்குள் விளிம்புவரை ஊற்றிக்கொண்டிருந்தார் ஒரு அம்மா. அச்சு தண்ணீரைக் குடிக்கக் குடிக்க, களி உட்சுவரில் தோலாகப் படிகிறது. கொஞ்ச நேரம் கழித்து மிச்சக் கூழைக் கவிழ்த்து வடித்தார். அச்சைப் பிரித்ததும் ஈரம் மினுங்க ஒரு யானை, உள்ளே வெறும் கூடு. கையை நீட்டினேன். "தொடாதீங்க தம்பி, விரல் பதிஞ்சா சூளைக்குப் போயும் மறையாது" என்றார். சுட்ட யானை ஒன்றை வைக்கோலில் சுற்றித் தந்தார்.

கடலூர் துறைமுகம் வரை அறுபது கிலோமீட்டர்கூட இல்லாத தடம். பழமலைநாதர் கோபுரமும் மணிமுத்தாறும் பின்னால் போய், ஊ.மங்கலமும் கடந்தால் நெய்வேலி. 1930களில் ஜம்புலிங்க முதலியார் நிலத்தில் கிணறு தோண்டியபோது கறுப்பாக ஏதோ வந்தது. அதுதான் பழுப்பு நிலக்கரி. 1956இல் நிலக்கரி நிறுவனம் வந்தது, 1957இல் வெட்டத் தொடங்கினார்கள். கரியின் மேல் கிடந்த மண்ணில் வெள்ளைக் களியும் இருந்தது. விருத்தாசலத்துப் பட்டறைகளுக்குக் கைகொடுத்த களி அது. கரிக்கு அடியில் அழுத்தத்தோடு நிற்கும் ஊற்றுநீரை இரவு பகலாக இறைத்தால்தான் சுரங்கம் மூழ்காது. சுரங்கம் விரிய விரிய, கிணறும் திண்ணையுமாக இருந்த வீடுகள் ஊர் ஊராகப் பெயர்ந்தன. நம் வீட்டு விளக்குக்காக அந்த ஊர்க்காரர்கள் விட்டுவந்ததற்கு இன்னும் ஈடு ஆகவில்லை என்றே நினைக்கிறேன்.

அடுத்தது வடலூர். இங்கே இறங்கிவிட்டேன். அந்நாளில் பார்வதிபுரம் என்று பெயர். ஊர்மக்கள் மனமுவந்து கொடுத்த எண்பது காணியில் 1867 மே 23 அன்று வள்ளலார் தருமச்சாலையைத் தொடங்கினார். அன்று மூட்டிய அடுப்பு அணையாமல் எரிகிறது. 21 அடி நீள அடுப்பு. பந்தியில் எனக்கு முன்னால் விழுந்த சோற்றின் ஆவி முகத்தில் பட்டது. யார் எவர் என்று ஒருவரும் கேட்கவில்லை. 1872 தைப்பூசத்தில் திறந்த சத்திய ஞான சபையின் ஏழு திரைகளைப் பற்றி எல்லோரும் சொல்வார்கள். என் கால் கருங்குழிக்கே இழுத்தது.

வடலூரிலிருந்து கொஞ்ச தூரம்தான். சபையும் சாலையும் வருவதற்கு முன், 1858 முதல் 1867 வரை, வள்ளலார் தங்கியது அங்கே வேங்கட ரெட்டியார் வீட்டில். விருந்தாளியை ஒன்பது வருஷம் வீட்டு மனிதராக வைத்துக்கொண்ட குடும்பம். இரவெல்லாம் விளக்கடியில் அவர் பாட்டெழுதுவார். எண்ணெய்க் கலயம் உடைந்துபோக, வீட்டம்மா முத்தியாலம்மாள் புதுக்கலயம் ஒன்றைப் பழக்குவதற்காகத் தண்ணீர் நிரப்பி வைத்துவிட்டு வெளியூர் போய்விட்டார். எண்ணெய் என்று எண்ணி அதையே ஊற்றி ஊற்றி எழுதினார் வள்ளலார். விளக்கு விடியும்வரை எரிந்தது என்பார்கள்.

தண்ணீரில் விளக்கு எரிந்த அதிசயத்தைச் சின்ன வயதிலிருந்தே கேட்டிருக்கிறேன். புதுக்கலயத்தில் ஏன் தண்ணீர் வைத்தார் என்று யோசித்ததே இல்லை. சுட்ட புது மண் எண்ணெயைக் குடித்துவிடும்; முதலில் தண்ணீரைக் குடிக்கவிட்டால் அதன் தாகம் அடங்கும். காலையில் பட்டறையில் அச்சு குடித்ததும் இதே தண்ணீர்தானே! அந்த அம்மாவுக்கும் முத்தியாலம்மாளுக்கும் மண்ணைப் பற்றி ஒரே விஷயம் தெரிந்திருக்கிறது. கருங்குழியில் அந்த இடத்தை இன்றும் போற்றி வைத்திருக்கிறார்கள். விளக்கின் முன் உட்கார்ந்தவன் எழுந்திருக்க மனமில்லாமல் இருந்தேன்.

பக்கத்திலேயே மேட்டுக்குப்பம். 1874 ஜனவரி 30 அன்று சித்திவளாகத்து அறைக்குள் போய் வள்ளலார் கதவைச் சாத்திக்கொண்ட ஊர்.

சாயங்கால வண்டியில் மறுபடி ஏறினேன். நெசவுக்குப் பேர்போன குறிஞ்சிப்பாடியில் கைலிக் கட்டோடு இருவர் ஏறினார்கள். அப்புறம் ஜன்னலில் உப்புக் காற்று. கடலூர் துறைமுகத்தில் பெட்டி காலியானது. உப்பனாற்றுப் பக்கமிருந்து மீன் வாடை வந்தது. பிளாட்பார விளக்கின் கீழ் வைக்கோலைப் பிரித்துப் பார்த்தேன். யானை உடையவில்லை. வயிற்றுக்கு அடியில் மட்டும், யாருடையதோ, ஒரு விரல் தடம்.