'மிக' வேண்டாத சொற்கள்

ஹார்பின், சீனா



இந்த ஊரில் ஜனவரி இரவுகள் மைனஸ் 20 டிகிரிக்கும் கீழே போகும். ஆனாலும் சீனத்தில் 'இன்று குளிர்' என்று மட்டும் சொன்னால் பேச்சு பாதியில் நிற்கும். 'நேற்று இப்படி இல்லை' என்பதுபோல ஏதோ வரப்போகிறது என்று கேட்பவர் காத்திருப்பார். நடுவில் 'ஹென்' வர வேண்டும். அகராதியில் அதற்கு 'மிக' என்று பொருள். அழுத்தாமல் சொன்னால் அந்த 'மிக' கரைந்துபோய், வாக்கியத்தை முடித்துவைக்கும் வேலை மட்டும் மிஞ்சும்.

தேய்ந்த சொல்லுக்குப் பதில் மக்கள் புதிது புதிதாகத் தேடியிருக்கிறார்கள். களைத்தவர் 'லெய் ஸ ல' என்பார். களைத்தே செத்தேன் என்று அர்த்தம். இங்கே வடகிழக்கில் கடுங்குளிருக்கு 'ட்ஸெய் லெங்'. 'ட்ஸெய்' என்றால் திருடன்! கான்டனீஸ் பேசுவோருக்கு 'நல்ல' என்னும் 'ஹோ'வே போதும்.

என் மனம் ஒட்டிக்கொண்டது வேறு வகைச் சொற்களிடம். 'ஷுவேபாய்', பனிபோல் வெண்மை. 'ச்சீஹெய்', அரக்குப் பூச்சின் கருமை. 'பிங்லியாங்', பனிக்கட்டிச் சில்லிப்பு. இவற்றின் முன் 'ஹென்' நிற்காது. அளவும் உவமையும் சொல்லுக்குள்ளேயே இருக்கின்றன. இன்னும் கூட்டவேண்டுமா? முழுச்சொல்லையும் இரட்டிப்பார்கள்: 'ஷுவேபாய் ஷுவேபாய்'. மகிழ்ச்சியைக் குறிக்கும் 'காவ்ஷிங்' அசை அசையாக இரட்டித்து 'காவ்காவ் ஷிங்ஷிங்' ஆகும். அதன் முன்னும் 'ஹென்' வராது. நாமும் 'மிகச் செக்கச்செவேல்' என்பதில்லையே!

'ஹென்' ஏற்கும் சொற்கள், ஏற்காத சொற்கள் என்ற இந்தப் பிரிவை வகுத்துத் தந்தவர் சீன மொழியியலாளர் ஜு தேஷி. 1951இல் இன்னொரு மொழியியலாளரான லியூ ஷுசியாங்குடன் சேர்ந்து 'மக்கள் நாளிதழ்' பத்திரிகையில் இலக்கணத் தொடர் எழுதியவர். நாளிதழில் இலக்கணம் தொடராக வந்த காலம் அது; நினைக்கவே நிறைவாக இருக்கிறது. பிறகு பல்கேரியாவின் சோபியா பல்கலைக்கழகத்தில் 1955 வரை சீனம் கற்பித்தார். 1956இல் வந்தது அவருடைய பெயரடை ஆய்வு. வெறும் 'வெள்ளை' பண்பை மட்டும் சொல்கிறது. 'ஷுவேபாய்' போன்ற வடிவங்களில் அளவும் பேசுபவரின் மதிப்பீடும் கலந்திருக்கின்றன என்று காட்டினார்.

நான் பார்த்த பாடநூல்கள் 'ஹென்', 'ஃபெய்சாங்', 'தாய்' என்று 'மிக' வகைச் சொற்களை அடுக்கிவிட்டு 'ஷுவேபாய்' போன்றவற்றைக் கடைசிக்குத் தள்ளுகின்றன. அது தவறு என்றே நினைக்கிறேன். உங்கள் வீட்டுப் பிள்ளை சீனம் படிக்கத் தொடங்கினால், கன்னங்கரேலையும் வெள்ளைவெளேரையும் பக்கத்தில் வைத்து, 'ச்சீஹெய்'யையும் 'ஷுவேபாய்'யையும் முதல் வாரத்திலேயே சொல்லிக்கொடுங்கள்.