லைடனில் மூன்று நாள்

ஜனவரி 4, 2019

அப்பாவின் இடது கண்ணுக்கு இன்று மூன்றாவது லேசர். முப்பது வருஷ இனிப்புநீர் இப்போது விழித்திரைக்கு வந்து சேர்ந்திருக்கிறது. டாக்டர் என்னை மட்டும் உள்ளே நிறுத்தி, "அவர் பார்க்க ஆசைப்படுவது ஏதாவது இருந்தால் தள்ளிப்போடாதீர்கள்" என்றார். இதை எப்படிச் சொல்வது என்று நான் காரில் வார்த்தை தேடிக்கொண்டிருந்தபோது, அவரே ஆரம்பித்துவிட்டார்.

"ஒருதரம் லைடன் போகணும்மா."

கிள்ளானில் அவரிடம் தமிழ் படித்த எவருக்கும் அந்த ஊர் தெரியும்.

ஜனவரி 5

தூக்கம் வரவில்லை. அவர் வகுப்பில் சொன்னதையெல்லாம் எழுதிப் பார்க்கிறேன், எனக்கு எவ்வளவு நினைவிருக்கிறது என்று.

ஆனைமங்கலச் செப்பேடுகள். 21 ஏடுகள், ஏறக்குறைய 30 கிலோ. கோத்திருக்கும் வளையத்தில் சோழ முத்திரை. ஐந்து ஏடுகளில் வடமொழி, பதினாறில் தமிழ். ராஜராஜன் தன் 21ஆம் ஆட்சியாண்டில், 1006 வாக்கில், நாகப்பட்டினத்துச் சூடாமணி விகாரத்துக்கு ஆனைமங்கலம் என்ற ஊரின் வருவாயைக் கொடுத்த சாசனம். பெண் யானையை நடத்தி ஊரின் எல்லையை வகுத்தார்கள். அந்தப் பௌத்த விகாரம் கடாரத்து அரசன் எழுப்பியது. கடாரம் என்றால் நம்முடைய கெடா.

இந்த இடத்தில் அப்பா சாக்பீஸை மேசையில் வைத்துவிடுவார். "நாம அங்கேருந்து இங்கே மரம் வெட்ட வந்தோம்னுதானே எல்லாரும் சொல்றாங்க? இங்கேருந்து ஒரு ராஜா அங்கே விகாரம் கட்டியிருக்கான்." தோட்டத்து லயத்திலிருந்து வந்த நாற்பது பிள்ளைகளும் நிமிர்ந்து உட்காருவோம்.

அடுத்த பகுதியைச் சொல்லும்போது அவர் குரல் இறங்கும். தந்தை கொடுத்த கொடையைச் செம்பில் வெட்டவைத்தவன் மகன் ராஜேந்திரன். அதே ராஜேந்திரன்தான் 1025 வாக்கில் கடாரத்தின்மேல் கப்பற்படையை அனுப்பினான்.

1658 முதல் 1781 வரை நாகப்பட்டினம் ஆலந்துக்காரர்களிடம் இருந்தது. ஏடுகள் அவர்கள் வழியாகக் கடல் தாண்டின. 1862 முதல் லைடன் பல்கலைக்கழக நூலகத்தில் இருக்கின்றன. விகாரத்தில் மிஞ்சி நின்ற கோபுரத்தை 1867இல் இடித்துவிட்டார்கள். கட்டடம் போய்விட்டது, அதற்குக் கொடுத்த சாசனம் மட்டும் தப்பியது. இது எனக்கு இன்றைக்கும் ஆறவில்லை.

ஜனவரி 9

விசா வேண்டாம், நம் கடப்பிதழ் போதும். ஆம்ஸ்டர்டாமுக்கு நேர் விமானம், பதின்மூன்று மணி நேரம். விமான நிலையத்திலேயே ரயில் ஏறினால் கால்மணி, இருபது நிமிஷத்தில் லைடன். மூன்று இரவு தங்கலாம். ரெம்பிராண்ட் 1606இல் பிறந்த ஊர். 1574 முற்றுகையைத் தாங்கி நின்றதற்காக அடுத்த வருஷமே அந்த ஊருக்குப் பல்கலைக்கழகம் கிடைத்தது. 1590இல் தொடங்கிய செடித் தோட்டம் இருக்கிறது, கால்வாய்கள் இருக்கின்றன. வீட்டுச் சுவர்களில் பல நாட்டு எழுத்துகளில் கவிதைகளைப் பெரிது பெரிதாகத் தீட்டி வைத்திருக்கிறார்கள். அப்பாவுக்காகவே எழுதி வைத்ததுபோல இருந்தது.

நாள்வாரியாகப் பிரித்து வாசித்துக் காட்டினேன். கேட்டுவிட்டு, "ஏடு எந்த நாள்?" என்றார்.

ஜனவரி 16

பொங்கலுக்கு வந்த தம்பி இன்று கிளம்பும்போது வாக்குவாதம். "கடாரம் பார்க்க ஐரோப்பாவுக்கா? கெடாவுக்கு அஞ்சு மணி நேரம்கா. பூஜாங் பள்ளத்தாக்குக்கு நான் காரிலே கூட்டிட்டுப் போறேன்."

"அங்கேயும் 2013இல் ஒரு சண்டிக் கோயிலை இடிச்சாங்களே, வீட்டு மனைக்காக" என்றேன். தம்பி பதில் பேசவில்லை. அவன்மேல் என்ன கோபம் எனக்கு? அவன் சொன்னதில் தப்பே இல்லை.

ஜனவரி 18

அப்பாவின் கடப்பிதழைப் புதுப்பித்தோம். மூத்தவர்களுக்கு நூறு வெள்ளிதான். ஆனால் கைரேகை இயந்திரம் அவர் கட்டைவிரலை ஏற்கவில்லை. ஐந்து முறை துடைத்துத் துடைத்து வைத்தார்.

ஜனவரி 21

தைப்பூசம். நூலகத்துக்குக் கடிதம் எழுத ஆரம்பித்தேன்.

ஜனவரி 26

யூரோ மாற்றுவதற்காகக் கொமுட்டர் ரயிலில் பிரிக்பீல்ட்ஸ் போனோம். ஒரு யூரோ நாலரை வெள்ளிக்கு மேல். கொஞ்சமாக மாற்றினேன்.

துன் சம்பந்தன் சாலையில் நடைபாதையின் மஞ்சள் மேடு தடுக்கி அப்பா சாயப் பார்த்தார். நான் பிடிப்பதற்குள், பின்னால் வெள்ளைக் கோலோடு வந்த ஒருவர் சத்தத்திலேயே புரிந்துகொண்டு நின்றார். பார்வையற்றோர் சங்கம் அந்தப் பக்கம்தான். உடம்பு பிடித்துவிடும் கடைகளில் வேலை செய்யும் பார்வையற்றவர்கள் அங்கே தினமும் நடப்பவர்கள்.

"அண்ணே, அதைத் தாண்டாதீங்க. மேலே ஏறி நில்லுங்க. பாதத்துக்குக் கீழே என்ன தெரியுது?"

அப்பா செருப்பைக் கழற்றிவிட்டு ஏறி நின்றார். வெயிலில் கல் கொதித்திருக்கும். "நீட்டு நீட்டா இருக்கு."

"கோடுன்னா நடங்க. புள்ளின்னா நில்லுங்க. அவ்வளவுதான்."

அவர் போய்விட்டார். அப்பா கண்ணை மூடிக்கொண்டு நடக்க ஆரம்பித்தார். நான் பதறிக் கூடவே ஓடினேன். சந்திப்பு வந்ததும் தானாக நின்றார், காலடியில் புள்ளிகள். "தமிழிலேயும் அப்படித்தானேம்மா? புள்ளி வச்சா எழுத்து நின்னுடும்." வாழையிலைச் சாப்பாடு முடியும்வரை அதையே சொல்லிக்கொண்டிருந்தார்.

நான் சரியாகச் சாப்பிடவில்லை. கண்ணை மூடி நடந்த அந்த முகம் எனக்குப் பயமாக இருந்தது.

பிப்ரவரி 7

விடிகாலை. "கறுப்பு மழை பெய்யுதும்மா" என்று கூப்பிட்டார்.

பிப்ரவரி 8

விழித்திரை பிரிந்துவிட்டது.

பிப்ரவரி 13

அறுவை சிகிச்சை முடிந்தது. விழித்திரையை அழுத்திப் பிடிக்க உள்ளே வாயுக் குமிழி வைத்திருக்கிறார்கள். அது தானாகக் கரைய ஆறிலிருந்து எட்டு வாரம் ஆகும். அதுவரை விமானம் ஏறவே கூடாது: உயரத்தில் காற்றழுத்தம் குறையும்போது குமிழி பெருத்துக் கண்ணை நெருக்கும், இருக்கிற பார்வையும் போகும். ஞாபகத்துக்கு மணிக்கட்டில் ஒரு பட்டை கட்டியிருக்கிறார்கள்.

கெந்திங் மலைகூட வேண்டாமாம்.

பிப்ரவரி 19

அப்பா பகலெல்லாம் குப்புறப் படுத்திருக்கிறார். குமிழி மேலே எழும்பிப் பின்சுவரைத் தாங்க வேண்டுமாம். சாப்பாட்டுக்கும் கழிவறைக்கும் மட்டும் எழுந்திருக்கிறார். நான் தரையில் உட்கார்ந்து செப்பேட்டு வாசகத்தை வாசிக்கிறேன். தடுமாறும் இடத்தில் தலையணைக்குள்ளிருந்து திருத்துகிறார். எழுபத்தேழு வயதில் ஒரு வரி தப்பவில்லை. இவ்வளவும் மனப்பாடமாக இருக்கிறவர் அங்கே போய் எதைப் பார்க்கப் போகிறார்?

பிப்ரவரி 20

நேற்றுக் கடைசியில் எழுதியதை அவரிடம் கேட்டுவிட்டேன். கேட்டிருக்கக் கூடாது.

மார்ச் 3

ஏப்ரலில் போகும் திட்டம் போய்விட்டது. மே மாதத்துக்குப் பயணச்சீட்டு விலை பார்த்தேன், மூடிவிட்டேன். தம்பி பணம் அனுப்புவதாகச் சொன்னான். அவனிடம் நான் முன்பு பேசிய விதத்துக்கு மன்னிப்புக் கேட்க நினைத்து, சமையல் பற்றிப் பேசிவிட்டு வைத்துவிட்டேன்.

மார்ச் 12

அப்பாயியின் பித்தளைச் செம்பு எங்கே என்று அப்பா கேட்டார். அப்பாயி ரஜூலா கப்பலில் நாகப்பட்டினத்தில் ஏறியபோது கொண்டுவந்தது. அடுக்களைப் பரணில் கிடந்தது. புளி போட்டுத் தேய்த்துக் கொடுத்தேன்.

கழுத்தில் புள்ளி புள்ளியாகக் கொத்திய பெயர். அப்பா கண் கட்டோடு மடியில் வைத்து, கட்டைவிரலால் மெல்லத் தடவினார். ஒரு எழுத்துக்கு ஒரு நிமிஷம் ஆனது. நான் சொல்லவந்தபோது கையை உயர்த்தித் தடுத்தார். பெயரை முடித்ததும் திரும்ப முதலிலிருந்து. "மெய்யெழுத்துக்குப் புள்ளி வைக்காம விட்டுட்டான் பாரு. சோழன் ஆளுங்களும் இப்படித்தான், செப்பேட்டிலே பெரும்பாலும் புள்ளி வைக்க மாட்டாங்க."

அப்பாயியின் பெயர் அதில் இருப்பதே எனக்கு மறந்திருந்தது.

மார்ச் 24

குமிழி பாதியாகக் குறைந்துவிட்டது. பார்வையில் ஒரு நீர்க்கோடு ஆடுகிறதாம், குடத்தைத் தூக்கி நடப்பதுபோல. வலது கண்ணையும் பார்க்க வேண்டும் என்கிறார் டாக்டர். மே பற்றி அவரும் பேசவில்லை, நாங்களும் கேட்கவில்லை.

இரவு அந்தக் கடிதத்தைத் திறந்தேன். ‘ஏடுகளை என் தந்தை பார்க்க அனுமதி வேண்டும்’ என்று இருந்தது. ‘பார்க்க’ என்பதை அழித்தேன். அந்த இடத்தில் எதை எழுதினாலும் மறுத்துவிடுவார்கள் என்று தோன்றுகிறது.

உள்ளேயிருந்து அப்பா கேட்கிறார், லைடனில் நடைபாதைக்கு மஞ்சள் கல் போட்டிருக்கிறார்களா என்று.