ஜெய்சால்மர்: கோட்டையைச் சுற்றிப் பாருங்கள்... உள்ளே குளிக்காதீர்கள்!

ராஜஸ்தானின் மேற்குக் கோடியில், தார் பாலைவனத்துக்குள் இருக்கும் சின்ன நகரம் ஜெய்சால்மர். ஜோத்பூரிலிருந்து ரயிலிலோ காரிலோ ஐந்து, ஆறு மணி நேரம். ஊரை நெருங்கும்போதே குன்றின் மேல் மஞ்சள் கல் கோட்டை கண்ணில் பட்டுவிடும்.

1156-ல் ராவல் ஜெய்சல் என்ற மன்னர் தொடங்கிய கோட்டை இது. 2013-ல் யுனெஸ்கோ பட்டியலில் இடம்பிடித்தது. மற்ற கோட்டைகளைப் போல டிக்கெட் வாங்கிப் பார்த்துவிட்டுத் திரும்பும் காலி அரண்மனை அல்ல. இன்றும் ஆயிரக்கணக்கானோர் உள்ளே குடியிருக்கிறார்கள். சந்துக்குள் மாடு வழிமறிக்கும், மாடியில் துணி காயும், பக்கத்திலேயே பல நூற்றாண்டு பழைய சமணக் கோயில் நிற்கும். (கோயில்களுக்குக் காலையிலேயே போய்விடுங்கள். தோல் பெல்ட், பர்ஸ் கூடாது.)

கோட்டைக்குள் தங்குவதற்கும் நிறைய அறைகள் உண்டு. ஜன்னல் வழியே பாலைவனம் தெரியும் என்பதால் பலரும் ஆசைப்படுவார்கள். சிக்கலே அங்கேதான். ஆண்டுக்குச் சுமார் 20 சென்டிமீட்டர் மழை பெய்யும் ஊரில், குடத்தில் தண்ணீர் சுமந்து வந்த காலத்தில் கட்டிய கோட்டை இது. குழாய் வந்தது, ஹோட்டல் வந்தது, ஷவர் வந்தது. வழிந்த தண்ணீர் அடியில் இருக்கும் களிமண்ணில் இறங்கி அஸ்திவாரத்தை இளக்கியது. கொத்தளங்கள் சில இடிந்தே விழுந்திருக்கின்றன. எதிரிப் படைகளைத் தாங்கி நின்ற சுவருக்குக் குளியலறைத் தண்ணீர் வினையாகிவிட்டது! அதனால், பகல் முழுக்கக் கோட்டைக்குள் சுற்றுங்கள். டீ, சாப்பாடு எல்லாம் உள்ளேயே வாங்குங்கள். அறையை மட்டும் கீழே ஊருக்குள் எடுங்கள். மொட்டை மாடியிலிருந்து கோட்டை முழுசாகத் தெரிவது அங்கிருந்துதான்.

கீழே பட்வோன் கி ஹவேலியைத் தவறவிடக் கூடாது. 1805-ல் ஒரு வணிகக் குடும்பம் கட்டத் தொடங்கிய ஐந்து மாளிகைகளின் வரிசை. கல்லா, மரமா என்று தொட்டுப் பார்க்கத் தோன்றும் அளவுக்கு நுணுக்கமான ஜன்னல்கள்.

அடுத்து, கடிசர் ஏரி. குழாய் வருவதற்கு முன்பு ஊரே குடித்தது இந்த ஏரித் தண்ணீரைத்தான். ஏரிக்கரை வாசலுக்கு ஒரு கதை சொல்கிறார்கள். கட்டியவர் திலோன் என்ற தாசி. அவர் கட்டிய வாசலுக்குக் கீழே அரச குடும்பம் நடப்பதா என்று எதிர்ப்பு கிளம்ப, மேலே ஒரு கிருஷ்ணர் சந்நிதியைக் கட்டிவிட்டாராம். சாமி இருக்கும் இடத்தை யார் இடிப்பார்கள்? வாசல் இன்றும் நிற்கிறது.

சுமார் 18 கிலோமீட்டரில் குல்தரா. பாலிவால் சமூகத்தினர் 19-ம் நூற்றாண்டில் கைவிட்டுப்போன கிராமம். திவான் சாலிம் சிங்கின் தொல்லை தாங்காமல் ஒரே இரவில் கிளம்பினார்கள் என்பது ஊர்க்கதை. கிணறுகள் வற்றியதுதான் காரணம் என்று சொல்லும் ஆய்வாளர்களும் உண்டு. பேய்க் கதைக்காகப் போகிறவர்கள்தான் அதிகம். ஆனால், பாலிவால்கள் கெட்டிக்கார விவசாயிகள். சரிவில் கரை கட்டி மழைநீரைத் தேக்குவார்கள். நீர் மண்ணில் ஊறியதும், அந்த ஈரத்திலேயே குளிர்காலத்தில் கோதுமையும் கடலையும் விளைவிப்பார்கள். 'கடீன்' என்று பெயர். பாலைவனத்தில் கோதுமை!

மணல்மேட்டுக்கு எல்லோரும் போவது சுமார் 40 கிலோமீட்டர் தள்ளியிருக்கும் சாம். ஒட்டகம், ஜீப், டிஜே சத்தம் எல்லாம் இருக்கும். அமைதி வேண்டுமென்றால் குரி கிராமம் பக்கம் போகலாம். மங்கணியார் கலைஞர்கள் கமைச்சா வாசித்துப் பாடுவதைக் கேட்க வாய்ப்புக் கிடைத்தால், ஒட்டகச் சவாரியைக்கூட விட்டுக்கொடுக்கலாம்.

சாப்பாட்டில் கேர் சாங்ரியைக் கேட்டு வாங்குங்கள். சாங்ரி என்பது கேஜ்ரி மரத்தின் காய். கேஜ்ரி வேறொன்றுமில்லை, நம்ம ஊர் கோயில்களில் நிற்கும் வன்னி மரம்தான். இனிப்புக்கு கோட்டுவா லட்டு.

நவம்பர் முதல் பிப்ரவரி வரை போகலாம். ராத்திரி குளிரும், ஸ்வெட்டர் அவசியம். ஒரு சாயங்காலத்தை மட்டும் வேறு எதற்கும் ஒதுக்காமல், ஊருக்கு வெளியே வியாஸ் சத்ரி பக்கம் போய் உட்காருங்கள். வெயில் சாயச் சாய, எதிரே கோட்டை மஞ்சளிலிருந்து பொன்னிறத்துக்கு மாறும்.