இடது இறக்கைக்குக் கீழே

2023 ஜனவரி 10, விடிகாலை மூன்றரை மணி. ஒரு பழைய பயணிகள் விமானம் ஓடுதளத்தில் ஓடி மேலேறுவதைப் போர்வைக்குள் போனில் பார்த்துக்கொண்டிருந்தேன். "காலைல ஆபீஸ் இல்லையா உனக்கு?" என்றாள் மனைவி, கண் திறக்காமலே. இங்கிலாந்தின் கார்ன்வாலில் அப்போது இரவு பத்து மணி தாண்டியிருந்தது.

விமானத்தின் பெயர் காஸ்மிக் கேர்ள். போயிங் 747-400. 2001 முதல் விர்ஜின் அட்லாண்டிக்குக்காக ஆட்களைச் சுமந்தது. பிறகு விர்ஜின் ஆர்பிட் அதை எடுத்துக்கொண்டு, இருக்கைகளைக் கழற்றி, இடது இறக்கையில் 21 மீட்டர் நீள ராக்கெட்டைத் தொங்கவிட்டது. ஏன் அந்த இடம்? எங்கோ பழுதாகி நிற்கும் விமானத்துக்கு மாற்று என்ஜினை இடது இறக்கையில் ஐந்தாவதாக மாட்டி எடுத்துப்போகும் வசதி 747-இல் முன்பே உண்டு. பழைய கோடில் யாரோ என்றோ விட்டுவைத்த ஒரு ஹுக் மாதிரி.

இதனால் பெரிய வேகம் கிடைத்துவிடாது. சுற்றுப்பாதைக்கு நொடிக்குச் சுமார் 7.8 கிலோமீட்டர் வேண்டும். விமானம் தருவது கால் கிலோமீட்டர். லாபம் வேறு இடத்தில். 35,000 அடியில் காற்று மண்டலத்தின் பெரும்பகுதி காலுக்குக் கீழே போய்விடும். மெல்லிய காற்றில் ராக்கெட்டின் தூம்புக்குழலை அகலமாக வைத்து, அதே எரிபொருளில் கூடுதலாக உந்தலாம். ஏவுதளம் வேண்டாம், நீளமான ஓடுதளம் போதும். 2020-இல் முதல் முயற்சி தோற்றாலும் அடுத்த நான்கும் ஜெயித்தன. இது ஆறாவது.

அயர்லாந்துக்குத் தெற்கே கடல்மேல் ராக்கெட் கழன்று விழுந்து, சில நொடிகளில் பற்றிக்கொண்டது. கொஞ்ச நேரத்தில் நிறுவனமே ட்விட்டரில் சொன்னது: சுற்றுப்பாதையை அடைந்தாச்சு. அப்பாடா என்று தூங்கிப்போனேன். எழுந்தபோது அந்தப் பதிவு இல்லை. ஒன்பது செயற்கைக்கோள்களும் போய்விட்டன.

இரண்டாம் அடுக்கின் எரிபொருள் குழாயில் ஒரு ஃபில்டர் இடம் பெயர்ந்திருக்கிறது. பம்ப் திணறி, என்ஜின் அதிகமாகச் சூடாகியிருக்கிறது. நூறு டாலர் பெறுமான பாகம் என்றார் தலைமை நிர்வாகி.

எனக்கு அந்த அழிக்கப்பட்ட பதிவுதான் உறுத்தியது. மூன்று மாதம் முன்பு நானும் ஒன்றை அழித்திருந்தேன். டேஷ்போர்டு பச்சையாக இருக்கிறதென்று குரூப்பில் "ரிலீஸ் சக்சஸ்" போட்டேன். இரவில் ஒரே ஆர்டருக்கு இரண்டு முறை பணம் போக ஆரம்பித்தது. காரணம், நான் மாற்றிய ஒரு டைம்அவுட் எண். டீமில் இளையவன் ரிவ்யூவிலேயே கேட்டிருந்தான்: "அண்ணா, இது ரொம்பக் கம்மியா இல்ல?" நான் போன் செய்து, "அப்புறம் பாத்துக்கலாம், அப்ரூவ் பண்ணுடா" என்று சொன்னேன். அவன் கேள்வியை அழித்துவிட்டு அப்ரூவ் செய்தான்.

மறுநாள் மீட்டிங்கில் "இதை ரிவ்யூ பண்ணது யாரு?" என்றார்கள். அவன் கை தூக்கினான். நான் வாயைத் திறக்கவில்லை.

மார்ச் கடைசியில் விர்ஜின் ஆர்பிட் சுமார் 675 பேரை வீட்டுக்கு அனுப்பியது. ஏப்ரல் 4 அன்று திவால் மனு. அதே மார்ச்சில் எங்கள் அலுவலகத்திலும் ஒரு பட்டியல் வந்தது. அதில் அவன் பெயர் இருந்தது, என் பெயர் இல்லை. அந்த ரிவ்யூவால்தானா என்று யாரும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

விமானத்துக்கு வேலை கிடைத்துவிட்டது. ஸ்ட்ராட்டோலாஞ்ச் அதை 17 மில்லியன் டாலருக்கு வாங்கி, ஸ்பிரிட் ஆஃப் மொஹாவி என்று பெயர் மாற்றியது. ஒலியைவிடப் பலமடங்கு வேகமாகப் பறக்கும் சோதனைக் கலங்களைச் சுமப்பதற்காக. அந்தச் செய்தியைப் படித்த அன்றுதான் அவனுக்கு போன் செய்தேன். வேறு கம்பெனியில் சேர்ந்திருந்தான்.

"அன்னைக்கு நீ கேட்டத மீட்டிங்ல நான் சொல்லியிருக்கணும்டா."

கொஞ்ச நேரம் சத்தமே இல்லை.

"விடுங்கண்ணா" என்றான். "இப்பல்லாம் கேட்டதுக்குப் பதில் வராம நான் அப்ரூவ் பண்றதில்ல. யாரு போன் பண்ணாலும்."